ஆன்டெனா டவரின் அடி சாய்ந்து போனால்: நிமிர்த்த முழு வழிகாட்டி

சாய்ந்த டவரை நிமிர்த்த ஸ்டே கம்பிகளை, அதாவது டவரை மூன்று பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை, இறுக்கிக்கொண்டிருந்தேன். கம்பியை இறுக்கும் திருகுகளான மூன்று டர்ன்பக்கிளில் கிணற்றுப் பக்கம் இருந்ததில் மரை முழுக்கத் தீர்ந்துவிட்டது. மற்ற இரண்டிலும் பாதிகூட ஆகவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். டவர் நேராகத்தான் தெரிந்தது. ஆனால் ஒரு காலோடு கண்ணை ஒட்டி வைத்து மேலே பார்த்தால் நடுவில் லேசாக வயிறு தள்ளியிருந்தது.

என் டவர் 40 அடி, அதாவது சுமார் 12 மீட்டர். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் பட்டறையில் செய்த முக்கோண டவர். ஒரு பக்க அகலம் 30 செ.மீ., பத்தடித் துண்டுகள் நான்கு. 6 மீட்டரிலும் 11 மீட்டரிலும் ஸ்டே கம்பி. உச்சியில் மூன்று எலிமென்ட் யாகி ஆன்டெனா. கீழே ஒரு குட்டைத் துண்டைக் குழியில் நிறுத்திக் கான்கிரீட் போட்டோம். கொத்தனார் ரசமட்டத்தைக் குறுக்குக் கம்பியில் வைத்துப் பார்த்தார், நானும் தலையாட்டினேன். குறுக்குக் கம்பி பட்டறையில் எப்படிப் பற்றவைக்கப்பட்டதோ அப்படித்தான் இருக்கும். அது மட்டமாக இருந்தால் கால் நெட்டுக்குத்தாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்த ஒரு நிமிட அலட்சியத்தைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது. அதில் கற்றதை, நான் செய்த தப்புகளோடு சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அளவு

கண்ணை நம்ப வேண்டாம். பக்கத்து வீட்டுச் சுவரே சாய்ந்திருக்கலாம். தூக்குக்குண்டு போதும், ஆனால் அதைப் பயன்படுத்தும் விதம் முக்கியம்.

ஒரு சின்ன மரச்சட்டத்தை அடித்துண்டின் உச்சியில் காலோடு கட்டி, காலிலிருந்து சரியாக 100 மி.மீ. தள்ளி நூலைத் தொங்கவிடுங்கள். குண்டைத் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் முங்கவிட்டால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும். கீழே நூலுக்கும் காலுக்கும் உள்ள தூரத்தை அளந்து மேலே உள்ள 100-ஐக் கழித்தால் சாய்வு கிடைக்கும். எனக்கு 3 மீட்டருக்குக் கீழே 133 வந்தது. 33 மி.மீ. சாய்வு, மீட்டருக்கு 11.

இதைச் செங்கோணமாக இரண்டு திசையில் செய்ய வேண்டும். ஒரு திசையில் மட்டும் பார்த்தால் டவர் உங்களை நோக்கிச் சாய்வது தெரியவே தெரியாது. நான் நோட்டில் ‘கிழக்கே 11, தெற்கே 2’ என்று எழுதி வைத்தேன். பிறகு மூன்று கால்களிலும் தனித்தனியாக ஒருமுறை. ஒரு கால் மட்டும் வேறு கணக்குச் சொன்னால் அந்தக் கால் வளைந்திருக்கிறது, அடி சாயவில்லை. மேலே போகப் போகக் குறுகும் டவராக இருந்தால் கால்களை அளந்து பயனில்லை. ஒவ்வொரு மட்டத்திலும் முக்கோணத்தின் மையத்தைக் குறித்து, மையத்துக்கு மையம் அளக்க வேண்டும்.

காலை ஏழு மணிக்குள் அளந்துவிடுங்கள். வெயில் ஒரு பக்கம் அடித்தால் அந்தப் பக்கக் கால் நீண்டு, டவர் வெயிலுக்கு முதுகைக் காட்டி வளையும். மத்தியானம் எடுத்த அளவை வைத்துக்கொண்டு நான் ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன்.

ரசமட்டம் வைத்துப் பார்ப்பவர்கள் முதலில் அதையே சோதித்துவிட வேண்டும். காலோடு வைத்து ஒருமுறை, அப்படியே இடம் வலம் மாற்றித் திருப்பி ஒருமுறை. குமிழி இரண்டு முறையும் ஒரே பக்கமாக ஒரே அளவு ஒதுங்கினால் மட்டம் நல்லது. ஒரு மீட்டர் நீள மட்டமாவது வேண்டும். பையில் போடும் குட்டி மட்டம் வெல்டிங் முண்டில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லும். போன் செயலிகளும் அப்படித்தான். 0.1 டிகிரி பிசகினால் மீட்டருக்கு 1.75 மி.மீ.; 12 மீட்டர் உச்சியில் அது 21 மி.மீ.

எவ்வளவு சாய்ந்தால் தவறு?

அமெரிக்க டவர் தரமான டி.ஐ.ஏ. 222, லாட்டிஸ் (கம்பிப் பின்னல்) டவருக்கு உயரத்தில் 0.25 சதவீதம் வரை, அதாவது 400-ல் ஒரு பங்கு, விலகலை ஏற்கிறது. நம் ஊர் உயர் அழுத்த மின்கோபுரங்களுக்கு 360-ல் ஒரு பங்கு என்பது கணக்கு. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 12 மீட்டர் டவருக்கு உச்சியில் 30 மி.மீ. என்னுடையது 132 மி.மீ. வந்திருக்கும்.

இந்த 132 எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. பக்க அகலம் 30 செ.மீ. உள்ள முக்கோணத்தில், ஒரு காலுக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் நடுவே 26 செ.மீ. அந்த 26 செ.மீ.யில் ஒரு பக்கம் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாகத் தாழ்ந்திருந்தால் போதும், உச்சி அரைச் சாணுக்கு மேல் நகர்ந்துவிடும். அடியில் ஒரு வாஷர் கனம்.

சரி, இந்தச் சாய்வால் டவர் விழுந்துவிடுமா? இல்லை. டவரும் ஆன்டெனாவும் சேர்ந்து 150 கிலோ என்று வைத்தால், சாய்ந்த எடை அடியில் தரும் திருப்பு விசை சுமார் 110 நியூட்டன் மீட்டர். காற்றோடு ஒப்பிடுங்கள். காற்று விசைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 875 மதுரைக்கும் கோவைக்கும் தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. 39 மீட்டர் காற்று, அரை சதுர மீட்டர் ஆன்டெனாவை 12 மீட்டர் உயரத்தில் தள்ளினால், ஸ்டே இல்லாத டவரின் அடியில் 5,000 நியூட்டன் மீட்டருக்கு மேல் வரும். ஐம்பது மடங்கு. ஆகவே பயப்பட வேண்டியது சாய்வைப் பார்த்து அல்ல, அதை நிமிர்த்த நாம் செய்யும் வேலையைப் பார்த்துத்தான்.

கம்பியை இழுத்து நிமிர்த்தாதீர்கள்

எல்லோரும் முதலில் செய்வது இதுதான், நானும் செய்தேன். கால்கள் கான்கிரீட்டில் புதைந்திருக்கின்றன, அடி அசையாது. மேலே ஸ்டே இழுக்கிறது. நடுவில் உள்ள டவர்தானே வளைய வேண்டும்? உச்சி தூக்குக்கு வந்துவிடும். ஆனால் அடித்துண்டு ஒரு பக்கம் சாய்ந்து, அதற்கு மேலே திரும்பி வளைந்து, மொத்த டவரும் பாம்பு மாதிரி நிற்கும். கான்கிரீட் முடியும் இடத்தில் ஒரு பக்கக் காலில் எந்நேரமும் அழுத்தம், எதிர்ப்பக்கத்தில் இழுவை. காற்று வரும்போது அதுவும் இதோடு சேர்ந்துகொள்ளும். பைப் துருப்பிடிக்கும் இடமும் அந்தக் கான்கிரீட் விளிம்புதான்.

இன்னொன்றும் உண்டு. ஸ்டே கம்பி டவரைப் பக்கவாட்டில் மட்டும் இழுப்பதில்லை, கீழேயும் அழுத்துகிறது. கால் அங்குல உயர்வலிமைக் கம்பியின் முறிவு விசை சுமார் 3,000 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கை, 300 கிலோவை, ஆரம்ப இறுக்கமாக வைப்பது வழக்கம். இரண்டு மட்டத்தில் ஆறு கம்பி என்றால், காற்றே இல்லாத நாளிலும் என் டவரின் அடியில் ஒரு டன்னுக்கு மேல் அழுத்தம். நிமிர்த்துகிறேன் என்று ஒரு கம்பியை இரண்டு மடங்கு இறுக்கினால் இது எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, ஸ்டே கம்பி டவரை நிற்க வைக்கத்தான், வளைக்க அல்ல. அடி அசைய இடம் கொடுத்தால் கம்பி நிமிர்த்தும். இடம் கொடுக்காவிட்டால் வளைக்கும். கீழே சொல்லும் வழிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வருகின்றன.

கான்கிரீட் இன்னும் பச்சையாக இருந்தால்

அதிர்ஷ்டம். இந்தியத் தரப்படி சாதாரண சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன் இறுக ஆரம்பிக்கக் கூடாது. நம் வெயிலில் அதைவிட ரொம்பத் தள்ளிப்போகும் என்று நம்பாதீர்கள். போட்டு முடித்த அரை மணிக்குள் மறுபடி தூக்குப் பாருங்கள். தவறியிருந்தால் மூன்று பக்கக் கயிறால் இழுத்துச் சரிசெய்து, கால்களைச் சுற்றிக் கம்பியால் நன்றாகக் குத்திவிடுங்கள். இறுக ஆரம்பித்தபின் காலை ஆட்டினால் பைப்பைச் சுற்றி மயிரிழை இடைவெளி விழும். தண்ணீர் அதில் இறங்கிக்கொண்டே இருக்கும். மறுநாள் காலையில்தான் தெரிந்தது என்றால் தயங்காமல் உடைத்து எடுங்கள். ஒரு நாள் கான்கிரீட்டைக் கடப்பாரை பார்த்துக்கொள்ளும். ஒரு மாதக் கான்கிரீட்டுக்குப் பிரேக்கர் மெஷின் வாடகைக்கு எடுக்க வேண்டும்.

போல்ட்டு மேல் உட்காரும் டவர்

கான்கிரீட்டில் புதைந்த ஜே வடிவ போல்ட்டுகள், அவற்றின் மேல் பேஸ் பிளேட் (அடித்தகடு) என்றால் பிளேட்டுக்குக் கீழே ஒரு நட்டு, மேலே ஒரு நட்டு இருக்க வேண்டும். கீழ் நட்டுகள்தான் மட்டம் பிடிப்பவை. பலர் கீழ் நட்டே போடாமல் பிளேட்டை நேராகக் கான்கிரீட்டில் உட்காரவைத்து விடுகிறார்கள்; கான்கிரீட் மேற்பரப்பு எப்படியோ அப்படியே டவரும் நிற்கும்.

ஆன்டெனாவை இறக்கி, தற்காலிகக் கயிறுகளைக் கட்டி, தாழ்ந்த பக்கத்து மேல் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, கீழ் நட்டை அதே அளவு ஏற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கால் மட்டும். எம் 20 போல்ட்டில் ஒரு முழுச் சுற்றுக்கு 2.5 மி.மீ. ஏறும். என்னுடையது மாதிரிச் சாய்வு என்றால் ஒரு சுற்றும் கொஞ்சமும்தான் வேலை. கீழ் நட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே போல்ட்டின் விட்டத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. விழுந்தால் போல்ட்டே வளைய ஆரம்பிக்கும். தூக்கு சரியானதும் நட்டுகளை முழுதாக இறுக்கி, சுருங்காத வகைக் கிரவுட், அதாவது இடைவெளி நிரப்பும் கலவையைப் பிளேட்டுக்கு அடியில் ஊற்றி நிரப்புங்கள். சாதாரணச் சிமெண்ட் கலவை காய்ந்ததும் சுருங்கிப் பிளேட்டை விட்டு விலகிவிடும். தண்ணீர் வெளியேற ஒரு வழி மட்டும் மறக்க வேண்டாம்.

துண்டுகளின் இணைப்பில் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டு தட்டைத் தகடுகள் போல்ட்டில் சேரும் வகை என்றால், முழுத் தொடுகையோடு எஃகுத் தகடு வைத்து இரண்டு மூன்று மி.மீ. வரை சரிசெய்யலாம். பைப்புக்குள் பைப் நுழையும் வகையில் கூடாது. அதில் போல்ட்டு மட்டும்தான் எடையைத் தாங்கும்.

ஸ்டே இல்லாமல் தானே நிற்கும் டவர்

இதில் சமரசம் குறைவு. காற்றின் திருப்பு விசை முழுக்க அடியின் வழியாகத்தான் மண்ணுக்குப் போகிறது. அடி அகலம் 60 செ.மீ. என்றால் மேலே சொன்ன 5,000 நியூட்டன் மீட்டர், ஒரு காலை ஏறத்தாழ ஒரு டன் விசையோடு மேலே பிடுங்கும். புதைந்த காலை அறுத்துவிட்டு, பழைய கான்கிரீட் கட்டையில் துளை போட்டுக் கெமிக்கல் ஆங்கரில் (துளையில் நிரப்பும் பசையில்) போல்ட்டு வைக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். கணக்குப் போடத் தெரிந்த கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அதைச் செய்யாதீர்கள். 400-ல் ஒன்றுக்குள் இருந்தால் அப்படியே விடுங்கள். தாண்டியிருந்தால் பக்கத்தில் புதிய குழி. மனசுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் அதுதான் மலிவு.

கட்டையே சாய்ந்திருந்தால்

போடும்போது சரியாக இருந்து பிறகு சாய்ந்தது என்றால் குற்றம் மண்ணில். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் பிளக்கும். கூரைத் தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் விழுந்தால், கழிவுநீர்த் தொட்டி அருகில் இருந்தால், கட்டை ஒரு பக்கமாக இறங்கும். கட்டையின் நான்கு மூலைகளிலும் பெயின்ட் புள்ளி வைத்து, தண்ணீர் நிரப்பிய ட்யூப் மட்டத்தால் மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தபின்தான் வேலை. அசைந்துகொண்டிருக்கும் கட்டையில் எதைச் சரிசெய்தாலும் வீண். முதலில் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள்.

புதைந்த காலோடு நிற்கும் ஸ்டே டவர்: என் கதை

ஹேம்களிடம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்களிடம், அதிகம் இருக்கும் வகை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாக. அடியைப் பிடித்திருக்கும் கான்கிரீட்டிலிருந்து டவரை விடுவித்து, கட்டையின் நடுவில் நட்ட ஒரு கம்பி முளையின் மேல் உட்கார வைப்பதுதான் தீர்வு. முளை பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும். நிமிர்த்தும் வேலையை ஸ்டே கம்பிகள் செய்யும். பெரிய ஒலிபரப்பு டவர்களே கீழே ஒரே புள்ளியில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

நாள் குறிப்பதில் கவனம் வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த வேலைக்கு வெறும் பழமொழி இல்லை. வடகிழக்குப் பருவமழையும் வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா, 2018 நவம்பரில் கஜா, இரண்டும் அந்தப் பருவத்தில் வந்தவை. நான் மாசியில் ஆரம்பித்தேன். டவர் எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பி எட்டும் தூரத்தில் இருந்தால், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் கையை வைக்க வேண்டும். மேலே ஏறுகிறவர் முழு உடல் ஹார்னஸ், கீழே நிற்கிறவர் ஹெல்மெட். ஒருவர் மேலே இருக்கும்போது எந்த ஸ்டே கம்பியையும் யாரும் தொடக் கூடாது. இதைக் கீழே நிற்கும் எல்லோரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். உதவுகிறேன் என்று ஓடிவந்து டர்ன்பக்கிளைத் திருகும் ஆள் எல்லா ஊரிலும் உண்டு.

முதலில் ஆன்டெனா, அதைத் திருப்பும் ரோட்டேட்டர். பிறகு மேலிருந்து ஒவ்வொரு துண்டாக. ஜின் போல், அதாவது உச்சியில் கப்பி வைத்த பைப்பை டவரின் காலோடு கட்டி, கயிற்றில் இறக்கினோம். மேல் ஸ்டேயைக் கழற்றும் முன் அதற்குக் கீழே இருக்கும் துண்டில் தற்காலிக ஸ்டே கட்டியாக வேண்டும். நான்காவது, மூன்றாவது, இரண்டாவது துண்டு என்று இறங்கி, கடைசியில் தரையில் நின்று, புதைந்த குட்டைத் துண்டின் மேல் நின்ற முதல் துண்டை மட்டும் பார்த்தேன். அது அப்போதும் அதே 11 மி.மீ. சாய்ந்து நின்றது.

கிரைண்டரில் மூன்று கால்களையும் கான்கிரீட் மட்டத்துக்கு அறுத்தேன். ஜி.ஐ. பைப்பை அறுக்கும்போது முகமூடி போடுங்கள். அதிலேயே வெல்டிங் செய்வதாக இருந்தால் துத்தநாகப் பூச்சை முதலில் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அந்தப் புகை இரவில் காய்ச்சலும் நடுக்கமும் தரும். அறுத்ததும் ஒரு காலின் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கழுத்து வரை தண்ணீர். கால்களின் அடியில் ஜல்லிப் படுக்கை போடாமல் கான்கிரீட்டால் அடைத்திருந்தோம், மழைநீர் வெளியேற வழியே இல்லை. இன்னும் சில வருடம் போயிருந்தால் உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கும். சாய்வைச் சரிசெய்யப் போய் அதைவிடப் பெரிய தப்பைக் கண்டுபிடித்தேன். தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டுக் குழாய்களைச் சிமெண்ட் பாலால் நிரப்பினேன்.

அடுத்து முளை. கட்டையின் நடுவில் 25 மி.மீ. துளை, 25 செ.மீ. ஆழம். கம்பித் தூரிகையால் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து, மறுபடி ஊதி, தூசியே வராத வரை. இதில் சோம்பல் பட்டால் கெமிக்கல் ஆங்கர் கான்கிரீட்டைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும். 20 மி.மீ. கால்வனைஸ் செய்த கம்பி, கான்கிரீட்டுக்கு மேல் 8 செ.மீ. நீட்டியிருக்கும்படி. முளையையும் தூக்குப் பார்த்தே வைத்தேன், ஒருமுறை சூடுபட்ட பூனை அல்லவா.

பட்டறையில் ஒரு புதிய அடித்துண்டு செய்யக் கொடுத்தேன். பழையதை இழுத்து வளைத்துவிட்டேனே, அதை மறுபடி நம்ப மனம் வரவில்லை. அதன் கீழே 12 மி.மீ. கனத் தகடு, நடுவில் முளைக்கு 22 மி.மீ. துளை, ஒவ்வொரு காலுக்கும் நேர் கீழே தண்ணீர் வடிய 12 மி.மீ. துளை. வெல்டிங் எல்லாம் முடிந்தபிறகே கால்வனைஸ் செய்யச் சொல்லுங்கள்.

அந்தத் துண்டை முளையில் இறக்கி, தகட்டுக்கு அடியில் கான்கிரீட்டிலிருந்து 25 மி.மீ. இடைவெளி வரும்படி மூன்று இடத்தில் இரும்பு ஆப்பு வைத்தோம். உச்சியில் மூன்று கயிறு. ஒருவர் ஆப்பைத் தட்ட, இன்னொருவர் தூக்குக்குண்டைப் பார்க்க. அரை மணியில் 3 மீட்டருக்கு 2 மி.மீ.க்குள் வந்துவிட்டது. சுற்றிலும் பலகை அடைத்துச் சுருங்காத கிரவுட்டை ஒரே பக்கத்திலிருந்து ஊற்றினோம். இரண்டு பக்கமும் ஊற்றினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். ஊற்றும் முன் மூன்று வடிகால் துளைகளுக்கும் நேராக எண்ணெய் தடவிய ரப்பர் குழாய்த் துண்டுகளைப் படுக்க வைத்து, கிரவுட் இறுகத் தொடங்கியதும் உருவிவிட்டேன். தண்ணீர் போக மூன்று வாய்க்கால். அப்புறம் ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் காத்திருப்பு. கிரவுட் இறுகியதும் ஆப்புகளை உருவி அந்த ஓட்டைகளையும் அடைத்துவிட வேண்டும். ஆப்பை உள்ளேயே விட்டால் எடை முழுக்க அதன் மேல்தான் உட்காரும்.

தகட்டைக் கான்கிரீட்டோடு போல்ட்டு போட்டு இறுக்கினால் என்ன என்று கொத்தனார் கேட்டார். இறுக்கினால் பழைய நிலைமைதான். தகடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மயிரிழை அசைந்தாலும் அசையட்டும்.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. ஸ்டே இல்லாமல் டவர் ஒரு நிமிடம்கூட நிற்காது. ஏற்றும்போது முதல் துண்டின் தலையில் மூன்று தற்காலிகக் கயிறுகள் இறுகிய பிறகே ஏறலாம். இரண்டாவது துண்டு நின்றதும் கீழ் மட்ட ஸ்டே, அது முடிந்துதான் மூன்றாவது. பெரிய ஆன்டெனா திரும்பி நிற்கும்போது டவர் முளையைச் சுற்றி முறுக்கப் பார்க்கும்; உச்சியில் ஸ்டே கட்டும் இடத்தில் நீட்டுக் கை வைத்த பிராக்கெட் அதைப் பிடித்துக்கொள்ளும்.

எர்த்திங்கை மறக்காதீர்கள். முன்பு கால்கள் கான்கிரீட்டுக்குள் போயின. இப்போது டவர் கிரவுட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, இடி மின்னலுக்கு நம்பகமான பாதை இல்லை. மூன்று கால்களிலிருந்தும் தனித்தனி ஜி.ஐ. பட்டை, தனித்தனி எர்த் ராடு. செம்புப் பட்டையை நேராக ஜி.ஐ. காலில் கட்டினால் இரண்டும் தொடும் இடத்தில் துத்தநாகம் கரைந்துபோகும். நடுவில் ஸ்டெயின்லெஸ் தகடு ஒன்று வையுங்கள்.

ஸ்டே இறுக்குவது

கீழ் மட்டத்தை முதலில். மூன்று டர்ன்பக்கிளையும் சுற்றி வந்து ஆளுக்கு இரண்டு சுற்று, பிறகு தூக்கு, மறுபடி இரண்டு சுற்று. ஒரே கம்பியை ஒரேயடியாக இறுக்க வேண்டாம். பிறகு மேல் மட்டம் அதே மாதிரி.

இறுக்கத்தை அளக்க மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. கம்பியின் கீழ்நுனி அருகே கையால் பட்டென்று தட்டுங்கள். ஓர் அலை மேலே ஓடி, டவரில் மோதித் திரும்பி வந்து கையைத் தட்டும். பத்து முறை திரும்பி வர எத்தனை நொடி என்று பாருங்கள். கம்பியின் நீளத்தை இரண்டால் பெருக்கி, எண்ணிக்கையால் பெருக்கி, நொடியால் வகுங்கள். வந்ததை அதனாலேயே பெருக்கி, ஒரு மீட்டர் கம்பியின் எடையைக் கிலோவில் எடுத்துப் பெருக்கினால் இறுக்கம் நியூட்டனில் வரும். என் மேல் கம்பி 15 மீட்டர், மீட்டருக்கு 0.18 கிலோ. பத்து அலைக்கு 2.3 நொடி. சுமார் 3,060 நியூட்டன், 312 கிலோ. கம்பியின் நடுவில் முட்டை இன்சுலேட்டர் கட்டியிருந்தால் அலை அதிலேயே கொஞ்சம் திரும்பிவிடும். அப்போது இந்தக் கணக்கு சரிவராது.

மூன்று கம்பியும் பத்துக்குப் பத்து சமமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அருகருகே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ரொம்ப அதிகம் கேட்டால் நிறுத்திவிட்டு தரையில் கம்பியைப் பிடித்திருக்கும் ஆங்கரின் இடத்தையும், டவர் நேராக நிற்கிறதா என்பதையும் சோதியுங்கள். அன்று கிணற்றுப் பக்க டர்ன்பக்கிள் சொல்ல வந்ததும் அதைத்தான். எல்லாம் முடிந்தபின் ஒவ்வொரு டர்ன்பக்கிள் வழியாகவும் ஒரு கம்பியை வளையமாகக் கோத்து முறுக்கிவிட்டால் காற்றின் நடுக்கத்தில் மரை தானாகக் கழலாது.

ஏற்றி முடித்த மறுநாள் காலை உச்சி 14 மி.மீ. விலகியிருந்தது. ஆடி முடிந்து மறுபடி அளந்தேன், 17. மேல் கம்பியில் தெற்குப் பக்கத்தை அரைச் சுற்று இறுக்கினேன். கிணற்றுப் பக்க டர்ன்பக்கிளில் மரை இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது.